பாறையின் தகைவு நினைவைப் படிக்க எந்த முறை? போடி மலையை முன்வைத்து ஓர் அலசல்

தேனி மாவட்டத்தின் போடி மேற்கு மலை, கேரளத்தின் இடுக்கி எல்லையை ஒட்டி நிற்கும், சார்னோக்கைட் என்ற கடினப் பாறையாலான திரள். எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் பாறை கவசமாக இருக்க வேண்டும் என்பதால்தான் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்தின் குகைக்குப் பொட்டிபுரத்தை ஒட்டிய பகுதி முன்மொழியப்பட்டது. அவ்வளவு பாறையின் எடை மட்டுமே சுமார் 27 மெகாபாஸ்கல் செங்குத்துத் தகைவை (பாறைக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையை) தரும். கிடைமட்டத் தகைவுகளை இப்படி எடையிலிருந்து கணக்கிட முடியாது. ஆனால் குகையின் கூரையும் சுவரும் நிலைக்குமா என்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றை மலைக்குள்ளேயே அளக்கலாம்; அல்லது துளையிட்டு எடுத்த பாறை உருளையான கோர், தாங்கியிருந்த தகைவின் தடயத்தை, அதாவது அதன் ‘நினைவை’, ஆய்வகத்தில் படிக்கலாம். இந்த இரண்டாம் வழியில் மூன்று முறைகள் போட்டியிடுகின்றன.

முதலாவது, ஒலி உமிழ்வு முறை. ஒருமுறை சுமையேற்றி இறக்கிய உலோகத்தை மீண்டும் அழுத்தினால், முந்தைய சுமையை எட்டும் வரை அது ஏறக்குறைய அமைதியாக இருக்கிறது, தாண்டிய பிறகே நுண்ணொலி எழுப்புகிறது என்று 1950-இல் மியூனிக்கில் யோசெஃப் கெய்சர் கண்டறிந்தார். பாறையிலும் இது நிகழ்வதை 1963-இல் குட்மன் காட்டினார். அந்தத் தகைவில் வளர வேண்டிய நுண்விரிசல்கள் முன்பே வளர்ந்துவிட்டதால், அதைத் தாண்டினால்தான் புதியவை உருவாகும் என்பது இதற்கான விளக்கம். நினைவில் நிற்கும் தகைவு பாறையின் உடைவலிமையை நெருங்கியதாக இருந்தால் ஒலி முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. கோர் நனைந்தாலும், சூடேறினாலும், பல நாள் கிடந்தாலும் தடயம் மங்குகிறது.

இந்த முறையின் மீதான மிகக் கனமான ஐயம் வேறு. மலைக்குள் பாறையை மூன்று திசைகளிலும் தகைவு சூழ்ந்திருக்க, ஆய்வகத்திலோ உருளையை ஒரே திசையில் அழுத்துகிறோம். பக்கத்தகைவோடு நினைவேறிய பாறை, பக்கத்தகைவு இல்லாமல் அழுத்தப்படும்போது, மலைக்குள் இருந்த உண்மையான மிகப்பெரிய தகைவைவிடக் குறைந்த அளவிலேயே ஒலிக்கத் தொடங்கக்கூடும் என்று 1993-இல் ஹோல்காம்ப் வாதிட்டார். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. இன்னொரு புதிரும் உண்டு. போடி மலையின் சார்னோக்கைட் புவியோட்டின் ஆழத்தில் உருமாறி, பிறகு மேலே வந்தது. பாறை தன் உச்சத் தகைவை என்றென்றும் வைத்திருக்குமானால், நம் கோரில் அந்தப் பழங்காலத் தகைவுதானே தெரிய வேண்டும்? ஆனால் களத்தில் ஒப்பிட்ட பலர் இன்றைய தகைவுக்கு அருகிலான மதிப்புகளையே பெற்றிருக்கிறார்கள். பழைய விரிசல்கள் காலப்போக்கில் ஆறி மூடிவிட, அண்மையில் நெடுங்காலம் நிலைத்த தகைவே தங்குகிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையது. குவார்ட்ஸ் மணிகளின் அளவிலும் கால்சைட் படிகங்களின் இரட்டைப் பட்டைகளிலும் பதிந்திருப்பது பழங்காலத் தகைவு. குகை வடிவமைப்புக்கு அது உதவாது.

இரண்டாவது முறையை 1990-இல் யமமோட்டோவும் சகாக்களும் ஜப்பானில் முன்வைத்தார்கள். உருளையை இருமுறை அழுத்தி, ஒரே தகைவில் கிடைக்கும் இரு திரிபுகளின் (நீள மாற்ற விகிதங்களின்) வேறுபாட்டை வரைந்தால், நினைவில் இருக்கும் தகைவில் கோடு வளைகிறது. அழுத்தும் பொறியும் திரிபுமானிகளும் போதும். ஒலி முறையில் உருளையின் முனைகள் எஃகுத் தகடுகளோடு உரசும் ஓசையே கணிப்பைக் குழப்பிவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வளைவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் முடிவு செய்வதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்பதே இதன் குறை. ஒரே திசையில் அழுத்துவதால் எழும் ஐயம் இதையும் விட்டுவைப்பதில்லை. இரு முறைகளிலும் ஓர் உருளை ஒரு திசையின் தகைவையே தருவதால், முழுத் தகைவையும் அறியக் குறைந்தது ஆறு வெவ்வேறு திசைகளில் சிறு உருளைகளை வெட்டியெடுக்க வேண்டும். பெரிய கனிம மணிகள் கொண்ட சார்னோக்கைட்டில் அவ்வளவு சிறிய உருளை பாறையின் சராசரித் தன்மையைக் காட்டாமல் போகலாம்.

மூன்றாவது, மலையின் தகைவிலிருந்து விடுபட்ட கோர் மெல்ல விரிவதை அளக்கும் முறை. தகைவு நீங்கியவுடன் நிகழும் மீள்விரிவை நாம் பார்க்க முடியாது. அதன் பின் மணிக்கணக்கில் தொடரும் மெதுவான விரிவைத்தான் அளக்கிறோம். முப்பரிமாணத் திசைகள் ஒரே கோரிலிருந்து கிடைப்பது இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அளக்கும் திரிபு மிகச் சிறியதாகையால், ஒரு டிகிரி வெப்ப மாற்றமும் முடிவைக் கெடுக்கும். போடி அடிவாரத்து வெயிலில் தகரக் கொட்டகையில் செய்யக்கூடிய வேலை அன்று இது. இறுகிய சார்னோக்கைட்டில், அதிலும் ஆழம் குறைந்த இடத்தில், விரிவு சொற்பமாகவே இருக்கும்.

மலைக்குள் அளப்பதில் ஓவர்கோரிங் நம்பகமானது: சிறு துளையில் திரிபுமானிகளைப் பொருத்தி, சுற்றிலும் பெருந்துளையிட்டுப் பாறையை விடுவித்து, அந்த விரிவை அப்போதே பதிவு செய்வார்கள். நினைவு மங்குமோ என்ற கேள்வியே இங்கே எழாது. ஆனால் ஆழத்தில் அளக்க வேண்டுமானால் பெரும்பாலும் அணுகு சுரங்கம் முதலில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், செலவும் மிகுதி.

ஆகவே இத்தகைய எல்லை மலைத் திட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: சுரங்கம் வெட்டும் முன், ஒரே உருளையில் இரட்டை அழுத்தத் திரிபையும் ஒலியையும் சேர்த்துப் பதிய வேண்டும், இரண்டும் ஒத்துப்போகும் மதிப்புகளை மட்டும் தற்காலிகமாக ஏற்று, அணுகு சுரங்கம் கிடைத்ததும் ஓரிடத்திலாவது ஓவர்கோரிங்கால் சரிபார்க்க வேண்டும். கோர் வெளிவந்த நாளும் நேரமும் ஆழமும் வடதிசைக் குறியும் பெட்டியில் அடுக்கும் முன்பே அதன் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். திசை தெரியாத கோரிலிருந்து கிடைக்கும் எண்ணை எந்தக் குகை வடிவமைப்பாளராலும் பயன்படுத்த முடியாது.