கோட்டையா, தொகுதி அலுவலகமா? டெல்டா மாணவர்களின் சட்டமன்றப் பயிற்சி

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறவன் நான். இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்துக்குள் வந்த பிறகு ஒவ்வொரு ஆண்டும் நாலைந்து பேராவது வந்து கேட்கிறார்கள்: "ஐயா, சட்டமன்ற வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கே சேர்வது?" கேட்கிறவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் சென்னைக் கோட்டைதான். நான் அவர்களை முதலில் அனுப்புவது உள்ளூர் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு. காரணத்தை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

கோட்டையின் பெருமையை நான் குறைக்கவில்லை. கூட்டத்தொடர் சமயத்தில் ஓர் உறுப்பினருக்கு உதவியாகச் சென்னை சென்று, சேப்பாக்கம் விடுதி அறையில் உட்கார்ந்து அவருக்குக் குறிப்பு எடுத்துக் கொடுப்பது அருமையான படிப்பு. அதிலும் மானியக் கோரிக்கை நாட்கள், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் நாட்கள். ஒவ்வொரு துறையும் தன் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைக்கும். வேளாண்மை, நீர்வளம், உணவு ஆகிய மூன்று துறைகளின் குறிப்புகளைப் படித்து, தன் உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடப் பேச்சுக்கு வேண்டியதை இரண்டு பக்கத்தில் சுருக்கித் தரப் பழகிய மாணவரை அதன்பின் எந்த அரசாங்கக் காகிதமும் மிரட்டாது.

சட்டத்தைச் சொல் சொல்லாகப் படிக்கும் பழக்கமும் அங்கே வரும். 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டா முழுவதும் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நம் ஊரில் பலர் இன்றும் நம்புகிறார்கள். முதலில் வந்த அறிவிப்பில் திருச்சி, கரூர், அரியலூர் பகுதிகளும் இருந்தன. சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கூடவே கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்கள் மட்டுமே வந்தன; அன்றைய நாகப்பட்டினத்துக்குள்தான் இன்றைய மயிலாடுதுறை அடங்கியிருந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை உண்டு. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது. மேடைப் பேச்சுக்கும் சட்டப் பிரிவுக்கும் உள்ள இந்த இடைவெளியை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பதியாது. ஒரு மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தம் எழுதிப் பார்த்தால் ஒரே நாளில் பதியும்.

சரி, பிறகு ஏன் அங்கே முதலில் அனுப்புவதில்லை? பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை. கேள்வி நேரம் 2022 முதல் நேரலையாகவே வருகிறது. பெரிய சிக்கல் நாட்காட்டி. மானியக் கோரிக்கை விவாதம் சூடு பிடிக்கும் நேரமும் நம் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு வரும் நேரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜனவரியில் சட்டமன்றம் கூடும்போது இளநிலை மாணவர்கள் தலைநகர் ஒலிம்பியாவுக்கே சென்று கூட்டத்தொடர் முழுக்க வேலை பார்க்கிறார்கள். அதற்கு ஊதியமும் உண்டு, படிப்புக் கணக்கில் மதிப்பெண்ணும் உண்டு. இங்கே ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள் தேர்வையும் விட்டு, சென்னையில் விடுதி வாடகையும் கொடுத்து, சம்பளமில்லாமல் எத்தனை நாள் இருப்பாள்? இருக்க முடிந்தவர்கள் மட்டும் கற்கிற பயிற்சியை நான் எப்படிப் பரிந்துரைப்பேன்? இது எனக்குத் தீராத மனக்குறை.

தொகுதி அலுவலகத்துக்கு வருவோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து 18 உறுப்பினர்கள். வீட்டிலிருந்தே சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் ஏறிப் போய்வந்துவிடலாம். சம்பா அறுவடை தொடங்கும் தை, மாசியில் அந்த அலுவலக வாசலில் நின்று பார்க்க வேண்டும். நெல் கொள்முதல் நிலையம் இன்னும் திறக்கவில்லை என்று ஒருவர். சாக்கு இல்லை என்று ஒருவர். லாரி வராமல் மூட்டைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன, வானம் கருக்கிறது என்று ஒரு பெரியவர்.

என் மாணவி ஒருத்தி ஆறு வாரம் அங்கே மனுக்களைப் பிரித்து அடுக்கினாள். முதல் வாரம் எல்லா மனுவுக்கும் ஒரே மாதிரி ஆட்சியருக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாவது வாரத்தில் அவளுக்குப் பிடிபட்டது. நிலையம் திறப்பதும் சாக்கும் லாரியும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வேலை, அதாவது மாநில அரசு. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தளர்வு தரும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு. கிராமத்துச் சாலை ஊராட்சியா, ஊராட்சி ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டாட்சி பற்றி நான் ஒரு செமஸ்டர் முழுக்கக் கத்தியதை அந்த மனுக்கட்டு மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஒரே ஊரிலிருந்து ஒரே குறை பதினோரு முறை வந்ததை அவள் தனியே பட்டியல் போட்டுக் கொடுத்தாள். அவையில் கேட்கத்தக்க வினா அப்படித்தான் உருவாகிறது. சென்னையில் இருக்கிறவருக்கு அந்தப் பட்டியல் கிடைக்காது.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் நிழற்குடையா, பள்ளிக் கட்டடமா, தடுப்புச் சுவரா என்று முடிவாகும் பேச்சையும் பக்கத்திலிருந்து கேட்கலாம்.

ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். சட்டமன்ற அலுவலகத்துக்கும் கட்சி அலுவலகத்துக்கும் நடுவே பல ஊர்களில் சுவரே கிடையாது. வரவேற்புப் பலகைக்கு வாசகம் எழுதவும், கல்யாண வீடுகளுக்குக் கூடவே போகவும் மாணவரை இழுத்துவிடுவார்கள். என்னென்ன வேலை என்று துறைத் தலைவர் கையெழுத்தோடு எழுதி வாங்காமல் யாரும் சேராதீர்கள். பெண் பிள்ளைகள் இருவராகவே சேருங்கள். தேர்தல் நெருங்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெல்லியில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவியாளர்களைத் தரும் பிஆர்எஸ் நிறுவனத்தின் லாம்ப் திட்டம் தரமானது. மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் வரை நீளும், உதவித்தொகையும் உண்டு. ஆனால் அது பட்டம் முடித்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் தயங்காமல் எழுதுகிறவர்களுக்கு. முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் (ஃபெல்லோஷிப்) பயிற்சி தருவது நம் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் என்பதில் பெருமைதான். ஆயினும் அது அரசுத் திட்டங்களை நடத்தும் வேலை. சட்டமன்றம் எப்படி இயங்குகிறது என்று கற்க நினைக்கிறவர் அதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

கிராம சபையைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள மாணவர் அங்கே பயிற்சியாளர் அல்லர், உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். எங்கே இன்டர்ன்ஷிப் போவதானாலும் ஜனவரி 26 அன்று சொந்த ஊர் சபையில் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வா என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஆக என் வரிசை இது: இரண்டாம் ஆண்டில் தொகுதி அலுவலகம், முதுகலையில் தேதி ஒத்துவந்தால் கோட்டை. கேட்க நினைப்பவர்கள் மார்கழியிலேயே போய்க் கேளுங்கள். கொள்முதல் தொடங்கிவிட்டால் உங்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.