தம்பியின் தோளுக்கு 95 மதிப்பெண்

ஊருக்குப் போன இடத்தில், தோள்மூட்டு கழன்றதால் அறுவை செய்துகொண்ட தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன், வரிசையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"கையை மேலே தூக்குப்பா" என்றார் டாக்டர். தூக்கினான். "அப்புறம் கழன்றதா?" "இல்லை சார்." அவ்வளவுதான். ஃபைலில் 'ரோ ஸ்கோர் 95, மிக நன்று' என்று ஏறிவிட்டது.

அந்த 95தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ரோ ஸ்கோர் (Rowe) என்பது அறுவைக்குப் பின் தோள் எப்படி இருக்கிறது என்று டாக்டர் நூற்றுக்கு மதிப்பெண் போடும், 1978-இல் வந்த பழைய அளவுகோல். மூட்டு நிலைத்து நிற்பதற்கு 50, அசைவுக்கு 20, கை வேலை செய்வதற்கு 30. மூட்டு கழலாவிட்டாலும், கையைச் சில நிலைகளில் வைத்தால் கழன்றுவிடுமோ என்ற பயம் இருந்தால் அந்த 50 அப்படியே 30 ஆகிவிடும். தம்பியோ பந்தெறியக் கையை ஓங்கினால் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறான். மற்றதற்கெல்லாம் முழுசாகப் போட்டாலும் 80தான் வரும். 'மிக நன்று' 90-இல்தான் தொடங்குகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, பின்னோக்கித் திருப்பி, ஆள் பயப்படுகிறாரா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? பார்க்கவில்லை.

எனக்கும் இதே அறுவை வெளிநாட்டில் நடந்தது. அங்கே எல்லாம் வோசி (WOSI) படிவம்தான், தோள் தரும் தொல்லையை நோயாளியே நிரப்புவது: 21 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, நம் நிலைமையை அதில் குறிக்க வேண்டும். கூட்டினால் 2100 வரை போகும். குறைய குறைய நல்லது. தூக்கம், விழுந்துவிடும் பயம், மனக்கவலை வரை கேட்பார்கள். அறுவைக்கு முன்பே ஒரு தடவை நிரப்ப வைத்துவிடுவார்கள். ஆனால் தோளைத் தொட்டுப் பார்க்க ஒரு மனிதரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இங்கே அறுவை செய்தவரையே அன்று காலையில் பார்த்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிசியோதெரபி அறையில்தான் மனசு ஆறியது. அங்கிருந்த பெண் கோணமானியை வைத்து இரண்டு கையும் வெளிப்பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். தைத்த பக்கம் இறுகிப்போவது உண்டு. கையைத் தூக்கச் சொன்னால் மட்டும் அது தெரியாது. "எந்த வேலைக்கு இந்தக் கையை நம்ப மாட்டேங்கிறீங்க அண்ணா?" என்றும் கேட்டார். தம்பி பந்து கதையைக் கொட்டிவிட்டான்.

அறுவைக்கு முந்தைய ஸ்கோர் எங்கே என்றேன். ஃபைலைப் புரட்டினார், இல்லை. இனி எந்தப் படிவத்தை நிரப்பினாலும் இன்றைய நிலைமை தெரியும்; எவ்வளவு தேறினான் என்று கழித்துப் பார்க்க எண் கிடையாது. அடுத்த வருஷத்துக்காவது உதவட்டும் என்று தம்பியை வோசி நிரப்ப வைத்து, அந்த 95-க்குப் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.