சோனி வோக்மன் ஏ306: கூத்துப் பதிவும் பழைய கசெற்றும் வைத்திருக்கிறவர்களுக்கு

கையில் நல்ல போன் இருக்கும்போது பாட்டுக்கென்று தனிப்பெட்டி எதற்கு? யூரியூப்பிலும் ஸ்பொட்டிஃபையிலும் மட்டும் கேட்கிறவருக்கு இது தேவையே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம். வீட்டில் கூத்துப் பதிவு, கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளுத்திப் பாடல், பழைய கசெற்றிலிருந்து எடுத்த கோப்புகள் என்று சொந்தமாகச் சேர்த்து வைத்திருக்கிறவருக்கு சோனியின் இந்தப் பாட்டுப் பெட்டி, ஏ306, சரியான சாமான். காரணம் மூன்று: மெமரி காட் போடும் இடம், 3.5 மி.மீ. ஹெட்போன் துளை, சட்டைப் பைக்குள் இருக்கும்போதே விரலால் தடவி அமத்தக்கூடிய பொத்தான்கள். இப்போது வரும் விலை கூடிய போன்கள் பலவற்றில் இந்த மூன்றும் இல்லை.

2023இல் வந்த மாதிரி இது. 3.6 அங்குலத் திரை, 113 கிராம் எடை, அலுமினிய உடம்பு. உள்ளே ஓடுவது அன்ட்ரொய்ட். வரும்போது அன்ட்ரொய்ட் 12. வைஃபை, புளூடூத், பிளே ஸ்ரோர் எல்லாம் உண்டு. சிம் போட முடியாது, எப்.எம். வானொலியும் இல்லை. சொந்த மெமரி 32 ஜி.பி. என்று பெட்டியில் போட்டிருக்கும். அன்ட்ரொய்ட் தன் பங்கை எடுத்தது போக ஏறத்தாழ 18 ஜி.பி.தான் மிச்சம். ஆகவே காட் இல்லாமல் இதை வாங்குவதில் அர்த்தமில்லை.

வாங்குமுன் எந்த நாட்டு மாதிரி என்று பாருங்கள். மட்டக்களப்புப் பக்கம் இப்படியான சாமான்கள் பெரும்பாலும் லண்டனிலோ சுவிசிலோ இருக்கும் சொந்தக்காரர் வழியாகத்தான் வருகின்றன, இல்லையென்றால் கல்முனை, காத்தான்குடிப் பக்கம் கட்டாரிலிருந்து வருகிறவர்களின் பயணப் பெட்டிக்குள். ஐரோப்பிய மாதிரியில் காதுப் பாதுகாப்பு விதிக்காக ஒலியளவு குறைத்துக் கட்டப்பட்டிருக்கும். சின்ன இயர்போனுக்கு அது காணும். பெரிய ஹெட்போன் போட்டு, மெல்லப் பதிவான கூத்தைக் கேட்கிறவருக்குக் காணாது; அப்படிப்பட்டவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ விற்கும் மாதிரியைக் கேட்டு எடுப்பித்தால் நல்லது. அந்த மாதிரியின் வலுவும் 16 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போனுக்குப் பக்கத்துக்கு 35 மில்லிவாற்றுத்தான். 250 ஓம் ஸ்ரூடியோ ஹெட்போனை இது தள்ளாது.

காட் விசயத்தில் ஏமாறுகிறவர்கள் கொஞ்சமல்ல. நடைபாதைக் கடையில் கிடைக்கும் மலிவான '1 ரி.பி.' காட்டுகளில் பல, உள்ளே 16 அல்லது 32 ஜி.பி. மட்டும் உள்ளவை. பாட்டுகள் ஏறின மாதிரி, பெயர்களும் வடிவாகத் தெரியும். உண்மை அளவு நிரம்பிய பிறகு ஏற்றியவை ஒன்றில் பாடாது, அல்லது பாதியில் நிற்கும். பெட்டி பழுது என்று திருத்தக் கொண்டு ஓடாதீர்கள். கணினியில் காட்டைப் போட்டு, 'எச்2 ரெஸ்ற் டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள். நல்ல 128 ஜி.பி. காட் விண்டோசில் 119 என்று காட்டும். அது கணக்கிடும் முறையின் வித்தியாசம், களவு இல்லை. சோதித்த பிறகு வோக்மனுக்குள்ளேயே ஒருமுறை போர்மற் செய்துகொண்டால் கோப்புமுறைச் சிக்கல் வராது.

கசெற்றை மாற்றுகிறவர்கள் செய்யும் முதற் பிழை, மடிக்கணினியின் மைக் துளைக்குள் வயரைச் செருகுவது. அது பெரும்பாலும் ஒற்றைத் தடம். பிளேயரிலிருந்து வரும் ஒலி அதற்குள் பிய்ந்து இரையும். லைன்-இன் (பிளேயரின் ஒலியை வாங்கும் துளை) உள்ள ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஒலிக்கருவி தேவை. ஓடாசிற்றி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹேட்ஸ், 16 பிற், ஸ்டீரியோ என்று வையுங்கள். உச்ச ஒலி -6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மத்தளம் ஓங்கி விழும் இடத்திலும் உடையாது. 96 கிலோஹேட்ஸ், 24 பிற் என்று போவது வீண். கசெற்றின் இரைச்சலே 16 பிற்றின் அடித்தளத்துக்கு எவ்வளவோ மேலே நிற்கிறது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் கொன்ரோல்-பி அமத்தி அடையாளப் பெயர் எழுதி, கடைசியில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் தனிக்கோப்பாக, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வகையில் வெளியே எடுக்கலாம். ஒரு மணிநேரப் பதிவு சுருக்காத வேவ் ஆக 635 எம்.பி. வரும், ஃபிளாக்கில் அதில் பாதிக்குச் சற்றுக் கூட. கசெற்றுக்கு 400 எம்.பி. என்று வைத்தாலும் 128 ஜி.பி. காட்டில் 300 'சி-60' (ஒரு மணிநேர) கசெற் போகும். ஒரு கோயிலடியின் முழுச் சேர்ப்புக்கே அது போதும்.

பெயர்கள் திரையில் 'mk;kd;' போல எழுத்துக் குப்பையாக வந்தால் வோக்மனில் பிழை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிய தலைப்புகள் அவை. பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் இணையக் கருவியில் போட்டு எடுத்து, 'எம்.பி.3 ராக்' மென்பொருளில் தலைப்பு, கலைஞர், தொகுப்பு என்ற மூன்று இடங்களிலும் ஒட்டிச் சேமித்தால் தமிழ் ஒழுங்காக வரும். தொகுப்புப் பெயரை எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். 'குளுத்தி' என்று ஒன்றிலும் 'குளிர்த்தி' என்று இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு தொகுப்பாகப் பிரிந்துபோகும்.

வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் சோனியின் பாட்டுச் செயலியில் தெரியாது. அவை ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வகை. சோனி தரும் வகைப் பட்டியலில் எம்.பி.3, ஏ.ஏ.சி., ஃபிளாக், வேவ், அப்பிள் லொஸ்லெஸ் எல்லாம் இருந்தும் ஓபஸ் இல்லை. வி.எல்.சி. செயலியை இறக்கினால் கேட்கலாம். யாரிடமாவது கூத்துப் பதிவு கேட்டால், முதற்பதிவுக் கோப்பையே 'டொக்கியுமன்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒலி எப்படி? மட்டக்களப்புக் கூத்தில் ஒரு வகையான வடமோடி இதற்கு நல்ல உரைகல். மத்தளத்தின் அடி, சல்லரி என்ற தாளத்தின் கூர், சதங்கை, கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல், பின்னால் பிற்பாட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். மலிவான பிளேயரில் சல்லரி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஏ306இல் வயர் போட்டுக் கேட்டால் சல்லரி ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. பிற்பாட்டுக்காரர்களின் குரல்களைப் பிரித்து எண்ணக்கூட முடிகிறது. மத்தளத்தின் அடித்தொனி இறுக்கமாக இருக்கிறது, ஆனால் தடிப்பில்லை; அதிர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவருக்கு ஏமாற்றம்தான். 'டி.எஸ்.ஈ.ஈ. அல்டிமேற்' என்ற மேம்படுத்தலைக் கசெற் பதிவுகளுக்கு நிறுத்தி வையுங்கள். இல்லாத மேல் ஒலியை ஊகித்துச் சேர்ப்பது அதன் வேலை. கசெற்றில் அது 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைத்தான் தூக்கிக் காட்டும், பற்றரியையும் தின்னும். 128 கிலோபிற் எம்.பி.3 பாட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரியும்.

புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எல்டாக், அப்ரெக்ஸ் எச்டி, ஏ.ஏ.சி. எல்லாம் போகும். எதிர்ப்பக்க ஹெட்போனும் அதே முறையை அறிந்திருந்தால்தான் அது நடக்கும். ஓட்டோவில் பூட்டியிருக்கும் மலிவான ஒலிபெருக்கிப் பெட்டிகளில் பெரும்பாலும் அடிப்படை முறையான எஸ்.பி.சி. மட்டுமே. எல்டாக்கில் 990, 660, 330 கிலோபிற் என்று மூன்று படி. வீட்டில் 990 அசையாது. மட்டக்களப்பு பஸ் நிலையத்திலோ கல்முனைச் சந்தைக்குள்ளோ நடந்தால் வெட்டும்; அங்கே 660க்கு இறக்குங்கள், அல்லது இணைப்புக்கு முன்னுரிமை கொடுக்கும் நிலையில் விடுங்கள்.

போனின் ஹொட்ஸ்பொட்டில் பாட்டை ஓடவிட்டு புளூடூத்தில் கேட்கும்போது விக்கல் வந்தால், இரண்டும் ஒரே 2.4 கிகாஹேட்ஸில் இடிபடுகின்றன. ஹொட்ஸ்பொட்டை 5 கிகாஹேட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். அதைவிட நல்ல வழி, வீட்டு வைஃபையில் முன்கூட்டியே காட்டுக்கு இறக்கி வைப்பது. ஸ்பொட்டிஃபையில் இறக்கியதை வைத்திருக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

வயரில், வைஃபை நிறுத்தி, ஃபிளாக் கேட்டால் 36 மணிநேரம் என்பது சோனியின் கணக்கு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போய் வந்தாலும் மிச்சமிருக்கும். பிழை வேறு இடத்தில்: சும்மா கிடக்கும்போதும் பின்னால் அன்ட்ரொய்ட் ஓடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் இறங்கும். இரவில் முழுதாக நிறுத்திவிடுங்கள். 'பற்றரி கெயார்' போட்டால் சார்ஜ் 90 வீதத்துக்குக் கிட்ட நின்றுவிடும். பற்றரியைக் கழற்றி மாற்ற முடியாத பெட்டிக்கு அது கட்டாயம்.

கடலும் வாவியும் இருபக்கமும் இருக்கும் ஊரில் இதன் பெரிய எதிரி உப்புக் காற்று. இது நீர் தாங்கும் பெட்டி இல்லை. கல்லடிக் கடற்கரையில் திறந்தபடி வைத்துக் கேட்கிறவர்களுக்குச் சில மாதத்தில் ஹெட்போன் துளை கரகரக்கும், ஒரு காது விட்டு விட்டு வரும். பெட்டியை நிறுத்திவிட்டு, 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் அற்ககோலில் மெல்லிய பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்துத் துளைக்குள் இரண்டு மூன்று தடவை சுற்றி, அரை மணிநேரம் காயவிடுங்கள். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே கூடாது. எண்ணெய்ப் படலத்தில் மணலும் தூசியும் ஒட்டி நிலைமை இன்னும் மோசமாகும். பாவிக்காத நேரம் மூடி இறுகிய டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், மாரி காலத்தில் அந்தப் பொட்டலங்களை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.