பெனீஸ்கோலாவா, தோசா தே மாரா?

கோட்டையும் வேண்டும், மணலும் வேண்டும், விடிய விடிய இரைச்சல் மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்தில் நான் சொல்லும் ஊர்கள் இந்த இரண்டுதான். ஆகஸ்டில் மட்டும் இரண்டின் பக்கமும் தலைவைத்துப் படுக்காதீர்கள். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ உத்தமம்.

தோசா, கத்தலோனியாவின் கோஸ்தா பிராவா என்ற கடலோரத்தில் இருக்கிறது. ரயில் கிடையாது, பார்சிலோனாவிலிருந்து பஸ்தான். கத்தலோனியக் கடற்கரையில் மதிலோடு மிஞ்சி நிற்கும் ஒரே இடைக்கால ஊர் என்ற பெருமை இதற்கு உண்டு. மதிலை ஒட்டி மேலேறினால், கீழே எஸ் கொதொலார் என்ற சின்னஞ்சிறு குடா, இரு பாறைகளுக்கு நடுவே உள்ளங்கையில் ஏந்திய தண்ணீர் போலத் தெரியும். அருங்காட்சியகத்தில் ஓவியர் மார்க் ஷகால் வரைந்த படம் ஒன்றும் இருக்கிறது. பார்வைக்கு இதுவே அழகி. ஆனால் மணல் பருக்கை, வெறுங்காலில் குத்தும். ஒரு பகலில் ஊரே முடிந்துவிடும்.

வலென்சியா வட்டாரத்துப் பெனீஸ்கோலாவின் கதை வேறு. கடலுக்குள் நீட்டிய பாறை, அதன் உச்சியில் டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்கள் 1294 முதல் 1307 வரை கட்டிய கோட்டை. போப் பதவிக்கு ஒரே சமயத்தில் பலர் உரிமை கொண்டாடிய காலத்தில், பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெத்ரோ தே லூனா 1411இல் இங்கே வந்து சேர்ந்தார். 1417இல் திருச்சபை மன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. மனிதர் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, 1423இல் சாகும்வரை இந்தப் பாறைமேல் போப்பாகவே வாழ்ந்தார். பிடிவாதக்காரரை 'தன் பதின்மூன்றிலேயே நிற்கிறார்' என்று ஸ்பானியர்கள் சொல்வதற்கு இவரையே காரணம் காட்டுவார்கள். அவர் உலவிய வெறுமையான கல் அறைகளில் நின்றால், ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும்தான்.

தெருவில் இறங்கி வரும்போது பூஃபதோர் என்ற பாறைத் துளையைத் தவறவிடாதீர்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் வீடுகளுக்கு நடுவிலேயே கடல் பெருமூச்சு விடும், முகத்தில் தெறிக்கும்.

மணலும் இங்கேதான் நயம். வடக்குக் கடற்கரை கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது, குழந்தைகள் இறங்க ஆழமும் குறைவு. குறை என்றால் அதன் ஓரத்து ஹோட்டல் வரிசை, கண்ணை உறுத்தும். ரயில் நிலையமும் பக்கத்து ஊரான பெனிகார்லோவில் இருக்கிறது.

என் ஓட்டு பெனீஸ்கோலாவுக்கு, இரண்டு இரவாவது. அறையை மட்டும் அந்த அசிங்கமான ஹோட்டல் வரிசையிலேயே எடுங்கள். மதிலுக்குள் தங்கினால் கோட்டை முழுசாகத் தெரியாது.