ஒரே வினை, இரண்டு இறந்தகாலம்: 'பிட்'டா, 'பேட்'டா?

'பிட்' (bid) என்ற ஆங்கில வினை ஏலத்தில் விலை கேட்பதைக் குறித்தால் குழப்பமே இல்லை. நேற்றுக் கேட்டிருந்தாலும் அது 'பிட்'தான். கட்டளையிடுவது, விடைபெறுவது என்ற பழைய பொருளில்தான் 'பேட்' (bade) தலைகாட்டும். 'ஹி பேட் அஸ் ஃபேர்வெல்' என்றால் விடைபெற்றான். 'ஷி பேட் ஹிம் சிட்' என்றால் உட்காரச் சொன்னாள். நடுவில் 'டு' பெரும்பாலும் வராது, அதுதான் இதன் அழகு. பழைய ஆங்கிலத்தில் வேண்டுவதற்கு ஒன்று, அளிக்க முன்வருவதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த இரண்டு வினைகள் கலந்ததால் வந்த வினை இது! உச்சரிப்பிலும் இழுபறிதான்: 'கெட்ட' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே மரபு, எழுத்தைப் பார்த்து நீட்டிச் சொல்வதும் இன்று செல்லும். சரி, பேச்சில் எது? கட்டளைக்கு 'டோல்ட்' போதும். 'பேட்' எழுத்துக்கு இருக்கட்டும்.