பிளஸ் ஒன்னுக்கு எந்தப் பள்ளி: ஊர்ப் பள்ளி, டவுன் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மாதிரிப் பள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் கிராமத்துப் பெற்றோர் முதலில் விசாரிப்பது தேர்ச்சி விகிதத்தைத்தான். அதை வைத்துப் பள்ளியை எடை போட முடியாது. 2025 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சியே 95.03 சதவீதம், முதலிடம் பிடித்த அரியலூர் மாவட்டம் 98.82. செய்முறை உள்ள பாடங்களில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்த இரண்டையும் பள்ளி தாராளமாகப் போட்டுவிட்டால், எழுத்துத் தேர்வில் 70க்கு 15 எடுத்த பிள்ளையும் தேறிவிடும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். கணிதத்திலும் வேதியியலிலும் 80க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர்? பதினொன்றில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு எழுதினார்கள்? இரண்டாவது கேள்விக்குத் தலைமை ஆசிரியர் தயங்காமல் பதில் சொன்னால் அதுவே நல்ல அறிகுறி.

ஊரிலேயே இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியின் பலம், பயணம் இல்லாதது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து கால்மணி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்கும். பலவீனம், பதினொன்று, பன்னிரண்டுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பற்றாக்குறை. உயர்நிலையிலிருந்து தரம் உயர்ந்த சிறிய பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் இடமாறுதல் கலந்தாய்வில் போய்விட்டால் அந்தப் பாடமே நின்றுவிடும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வருவதற்குள் இயற்பியலில் இரண்டு மூன்று பாடங்கள் கடந்திருக்கும். எனவே "குரூப் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது. "அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இப்போது இருக்கிறாரா" என்று கேளுங்கள். வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டுகளில் (திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்) தூசி படிந்து, குழாய்த் திருகு இறுகிக் கிடந்தால் அங்கே தரம் பார்த்தல் சோதனை பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் நடக்கிறது என்று அர்த்தம்.

டவுன் அரசுப் பள்ளியில் எல்லா குரூப்பும் இருக்கும், ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள். வகுப்பில் கூட்டமும் அதிகம். இங்கே முடிவு செய்வது பேருந்து. பயணம் இலவசம்தான், நேரம் இலவசமில்லை. சிறப்பு வகுப்பு முடிகிற நேரத்துக்கும் கடைசி டவுன் பஸ்ஸுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். பஸ் பிடிக்க ஓடும் பிள்ளை முதலில் விடுவது அந்தச் சிறப்பு வகுப்பைத்தான். தூரம் அதிகமென்றால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி இருக்கிறது: வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும், மாணவிகளுக்கு அந்த விதி இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளும் உண்டு.

அரசு உதவி பெறும் பள்ளியில்தான் பலர் விவரம் தெரியாமல் இழக்கிறார்கள். கட்டுப்பாடு நன்றாக இருக்கும், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவதில்லை. இரண்டும் உண்மையான பலங்கள். ஆனால் மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் நடப்பில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். பத்து வரை ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டுப் பதினொன்றில் உதவி பெறும் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை முழுதாகப் போய்விடும். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஒரு கூலிக் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுச் சுமை அது. நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கிலேயே வரும், பயம் வேண்டாம்.

உயர்கல்வியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களுக்கும் உண்டு. இன்னொன்று: அதே வளாகத்தில் அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவும் நடக்கலாம். எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள மாதிரிப் பள்ளி, அரசே நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளி. தங்குமிடம், உணவு, நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி எல்லாம் செலவின்றி. 7.5 சதவீத உரிமையும் கெடாது. அந்தத் தேர்வுகளில் உறுதியான ஆசை உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளி மாவட்டத்தில் இல்லை. பெற்றோரின் ஆசைக்காக அனுப்பப்படும் பிள்ளை சில வாரங்களில் திரும்பி வருவதும் நடக்கிறது. அப்போது பழைய பள்ளியில் விரும்பிய குரூப் நிரம்பியிருக்கும். பிள்ளையிடம் முன்பே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

எந்தப் பள்ளியானாலும் 2025-26 முதல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு முதல் ஆண்டிலேயே பன்னிரண்டைத் தொடங்கும் ஆபத்து இதனால் திரும்பியிருக்கிறது. நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி பதினொன்றிலிருந்து வருபவை. ஆகஸ்ட்டில் பிள்ளையின் நோட்டைத் திறந்து எந்த வகுப்புப் பாடம் என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த பிள்ளையை இப்போது ஆங்கிலவழிக்கு மாற்றுமுன், அரசு வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேர்க்கையில் சிக்குவது பெரும்பாலும் எமிஸ், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளம். மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தாலும், பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எமிஸில் தன் கணக்கிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியால் ஏற்ற முடியாது. சான்றிதழ் வாங்கும்போதே நீங்கள் அங்கேயே உட்கார்ந்து, பெயரை விடுவிக்கச் சொல்லுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரைத் திருத்துவதானால் ஜூனிலேயே முடித்துவிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் திறக்கும்போது இ-சேவை மையத்தில் கூட்டம் சேர்ந்துவிடும்.