புரண்டு படுப்பதற்கு ஒரு பயிற்சி: பார்க்கின்சனும் மூன்றாண்டு பிலாட்டீஸும்

எனக்குப் பார்க்கின்சன் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்தபோது வயது 61. பார்த்தவர்கள் எல்லோரும் வலது கை நடுக்கத்தைப் பற்றியே விசாரித்தார்கள். என்னை வாட்டியதோ இரவில் புரண்டு படுக்க முடியாமல் போனதுதான். மல்லாந்து படுத்தால் அப்படியே விடியும்; இல்லையென்றால் மனைவியை எழுப்பித் தோளையும் இடுப்பையும் தள்ளிவிடச் சொல்ல வேண்டும். முதுகும் இடுப்பும் விறைத்துப்போவதால் உடல் ஒரே கட்டையாகத் திரும்பப் பார்க்கிறது என்று விளக்கிய மருத்துவர், நடைப்பயிற்சியோடு, மூச்சோடு இணைத்து நிதானமாகச் செய்யும் உடற்பயிற்சி முறையான பிலாட்டீஸையும் முயன்று பார்க்கச் சொன்னார். மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு நாள் செய்து வருகிறேன்.

முதலில் ஒரு குழு வகுப்பில் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தும் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது மாதத்தில், தரையில் படுத்திருந்தவர்களை உடனே எழுந்து நிற்கச் சொன்னபோது கண் இருண்டு முழங்கால் தரையில் மோத விழுந்தேன். இந்நோயாளிகள் பலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மருந்தும் அதைக் கூட்டக்கூடும். அதன்பின், பிலாட்டீஸ் கற்ற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் தனி வகுப்புக்கு மாறினேன். செலவு இரட்டிப்பானது. இப்போது படுத்த நிலையிலிருந்து ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் பொறுத்துத்தான் எழுகிறேன். தலையை உயர்த்திக் கைகளை நூறு முறை அசைக்கும் பயிற்சியைத் தலையணை வைத்துச் செய்கிறேன்; பந்துபோல் உருளும் பயிற்சியை அறவே விட்டுவிட்டோம்.

எனக்கு அதிகம் உதவியது பார்ப்பதற்கு மிக எளிய பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, மேல் கையைப் புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் பின்பக்கமாக விரிக்க வேண்டும். இடுப்பு அசையக் கூடாது, மூச்சு விடும்போதுதான் கை நகர வேண்டும். தொடக்கத்தில் என் கை பாதி வழியிலேயே நின்றுவிடும், தோளோடு இடுப்பும் சேர்ந்து வந்துவிடும். நான்காவது மாதம் ஒரு காலையில் மனைவி, "ராத்திரி என்னை எழுப்பவே இல்லையே, தூங்கினீங்களா?" என்று கேட்டபோதுதான், நானாகவே புரண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

ரிஃபார்மர் என்னும் ஸ்பிரிங் கருவியை ஆறு மாதத்துக்குப் பிறகே தொட்டேன். நகரும் பலகையில் ஏறுவதும் இறங்குவதும்தான் ஆபத்து என்பதால் பயிற்றுநர் அதை முதலில் அசையாமல் பூட்டிவிடுவார். காலால் உந்தித் தள்ளுவது சுலபம்; ஸ்பிரிங் இழுக்கும்போது மெல்லத் திரும்பி வருவதில்தான் வேலை இருக்கிறது. கவனம் சிதறினால் பலகை 'டக்'கென்று மோதும், அந்தச் சத்தத்தைவிடக் கண்டிப்பான ஆசிரியர் எனக்கு வாய்த்ததில்லை. இம்முறையை உருவாக்கியவரும் ஜெர்மனியில் 1883இல் பிறந்தவருமான ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரில் பிரிட்டனில் அடைபட்டிருந்தபோது நோயாளிகளின் கட்டில்களில் ஸ்பிரிங் பொருத்தியதிலிருந்து இக்கருவி பிறந்ததாகச் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, கட்டிலில் புரள வழி தேடிப் போனவனுக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது.

நேரம் தப்பினால் வகுப்பு வீண். இந்நோய்க்கான லெவோடோபா மாத்திரையை ஆறரை மணிக்குப் போட்டு, ஏழேகாலுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, எட்டு மணி வகுப்புக்குப் போகிறேன். குடலில் புரதமும் இம்மருந்தும் ஒரே வழியில் போட்டியிட்டு உறிஞ்சப்படுவதால், சாம்பாரையும் பாலையும் பிந்திய வேளைக்குத் தள்ளியிருக்கிறேன். மாத்திரையின் பலன் வடிந்த நேரத்தில் போன நாட்களில் பாதிப் பயிற்சியைக்கூட முடித்ததில்லை.

நடுக்கம் குறையவில்லை. கையெழுத்து இன்னும் எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துக்கொண்டேதான் போகிறது. குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்வதற்கும் இதில் மருந்தில்லை. அதற்குத் தரையில் ஒட்டிய வண்ண நாடாவைத் தாண்டுவதாக எண்ணி அடியெடுத்து வைப்பதுதான் உதவுகிறது. இந்நோயில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் அழிவதை இப்பயிற்சி தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

சென்ற ஆண்டு மகள் திருமண வேலையில் ஐந்து வாரம் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரமே விறைப்பு திரும்பியது; நான்காவது வாரம் மனைவியை மறுபடி எழுப்பினேன். கையைப் பழைய அளவுக்கு விரிக்க அதன்பின் இரண்டு மாதமாயிற்று.